ஜெனிசிஸின் மூன்று கிடார் கலைஞர்கள், மூன்று முதல் ஆல்பங்கள்: எதில் தொடங்குவது?

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் எழுபதுகளின் ஆல்பங்களை ஒரு சுற்று கேட்டு முடித்தவர்களுக்கு அடுத்து எங்கே போவது என்ற கேள்வி வந்தே தீரும். பெரும்பாலோர் குழுவின் முதல் பாடகர் பீட்டர் கேப்ரியலின் தனி ஆல்பங்களுக்குப் போவார்கள், இல்லையென்றால் டிரம்மராக இருந்து பாடகரான ஃபில் காலின்ஸின் எண்பதுகளின் ஹிட் பாடல்களுக்கு. இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் உங்களை அந்தக் குழுவிடம் இழுத்தது கிடார் என்றால், அதிலும் இரண்டு 12 தந்தி கிடார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒலிக்கும் அந்த ஆரம்பகால இடங்கள் என்றால், நீங்கள் தேடுவது அங்கே அதிகம் கிடைக்காது. அதற்குத் தேட வேண்டிய ஆல்பங்கள் வேறு மூன்று.

ஸ்டீவ் ஹாக்கெட்டின் 'வாயேஜ் ஆஃப் தி அகோலைட்' 1975 அக்டோபரில் வந்தது. ஆன்டனி பிலிப்ஸின் 'தி கீஸ் அண்ட் தி கோஸ்ட்' 1977 மார்ச்சில். மைக் ரதர்ஃபோர்டின் 'ஸ்மால்க்ரீப்ஸ் டே' 1980 பிப்ரவரியில். மூன்றும் அவரவர் முதல் தனி ஆல்பம். ஹாக்கெட்டின் ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 26ஆம் இடம் வரை போனது; ரதர்ஃபோர்டின் ஆல்பம் 13ஆம் இடம். பிலிப்ஸின் ஆல்பம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்றைக்கும் ப்ராக் ராக் (ஜெனிசிஸ் போன்றவர்களின் நீண்ட, சிக்கலான ராக் இசை) பேசுகிற இடங்களில் ஹாக்கெட்டின் பெயர் அடிபடும் அளவுக்கு பிலிப்ஸின் பெயர் அடிபடுவதில்லை. ஜெனிசிஸ் ரசிகர்களிலேயே பலருக்கு அவர் 'ஆரம்பத்திலேயே விலகிப் போனவர்', அவ்வளவுதான்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்றுதான் என்றால் பிலிப்ஸின் ஆல்பத்தை எடுங்கள். ஆனால் எல்லோருக்கும் அதுவே முதல் கதவாக அமையாது. சிலர் ஹாக்கெட்டைக் கேட்டுவிட்டு அங்கே வருவது நல்லது. ஒருசிலருக்கு ரதர்ஃபோர்டுதான் சரிப்படுவார். யாருக்கு எது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை தெரிய வேண்டும்.

சர்ரே மாவட்டத்தில் கோடால்மிங் ஊரில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளிப் பையன்கள் சேர்ந்து உருவாக்கிய குழுதான் ஜெனிசிஸ். 'அனான்' என்ற பள்ளிக் குழுவில் பிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் இருந்தார்கள். 'கார்டன் வால்' என்ற இன்னொன்றில் கேப்ரியலும் கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸும். இரண்டும் ஒன்றானபோது பாடல் எழுதுவதில் பிலிப்ஸ் முக்கியமான ஆள். 1969இல் முதல் ஆல்பம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் டார்க்கிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காட்டேஜில் எல்லோரும் தங்கி, வேறு வேலையே இல்லாமல் வாசித்து எழுதினார்கள். அங்கே உருவானதுதான் 1970இல் வந்த 'ட்ரெஸ்பாஸ்'. அது கடைக்கு வருவதற்கு முன்பே பிலிப்ஸ் விலகிவிட்டார். மேடை ஏறினாலே பயம். அதோடு நுரையீரல் தொற்று வேறு. அப்போது அவருக்கு வயது 18. குழுவைக் கலைத்துவிடலாமா என்று மற்றவர்கள் உண்மையிலேயே யோசித்தது அப்போதுதான் என்று பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1975இல் கேப்ரியல் போனதைவிடப் பெரிய அடி இது.

ஏன் அவ்வளவு பெரிய அடி? அந்தக் கிடார்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். 12 தந்தி கிடாரில் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு ஜோடி. தடித்த நான்கு ஜோடிகளில் ஒரு தந்தி வழக்கமான சுருதியிலும் இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலேயும் நிற்கும். மெல்லிய இரண்டு ஜோடிகள் ஒரே சுருதியில் இருக்கும். ஆகவே ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்களை, மீட்டினாலே அது பளபளவென்று விரிந்து கேட்கும். பெரும்பாலான குழுக்களில் ஒருவர்தான் இதை வாசிப்பார், அதுவும் பின்னணியில். பிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒரே கார்டை ஒருவர் கழுத்தின் கீழ்ப் பக்கமும் இன்னொருவர் மேல் பக்கமுமாகப் பிரித்து வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் விரல் விழும். மொத்தம் 24 தந்திகள். யார் எதை வாசிக்கிறார் என்று காதால் பிரிக்கவே முடியாது. 1971இல் வந்த 'தி மியூசிக்கல் பாக்ஸ்' என்ற புகழ்பெற்ற ஜெனிசிஸ் பாடலின் தொடக்கம்கூட இந்த இருவர் சேர்ந்து எழுதிய ஒரு வாத்திய இசையிலிருந்து வந்ததுதான். பிலிப்ஸ் போன பிறகும் ஜெனிசிஸ் அந்த ஓசையை விடவில்லை. அது யாருடைய கையிலிருந்து வந்தது என்பதுதான் மறந்து போயிற்று.

இப்போது ஹாக்கெட். 1970 கடைசியில் 'மெலடி மேக்கர்' இசை இதழில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கேப்ரியல் கூப்பிட்டார். 1971 தொடக்கத்தில் குழுவில் சேர்ந்தார். உட்கார்ந்தபடி, சபையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாசிக்கிறவர். வலது கை விரலையும் கிடாரின் கழுத்தில் தட்டி வேகமாக வாசிக்கும் டாப்பிங் முறையை 1971இலேயே ரெக்கார்டில் பயன்படுத்தியவர். 1975 மே மாதம் நீண்ட சுற்றுப்பயணம் முடிந்து, கேப்ரியல் விலகப்போவது குழுவுக்குள் தெரிந்திருந்த அந்த இடைவெளியில், லண்டன் கிங்ஸ்வே ஸ்டூடியோவில் ஜூன், ஜூலை மாதங்களில் அவர் தன் ஆல்பத்தைப் பதிவு செய்தார். உடன் தயாரித்தவர் ஜான் ஏகாக். டிரம்ஸில் காலின்ஸ், பேஸில் ரதர்ஃபோர்ட், புல்லாங்குழலில் தம்பி ஜான் ஹாக்கெட். பாடல் தலைப்புகளெல்லாம் குறி பார்க்கும் டாரட் சீட்டுகளிலிருந்து எடுத்தவை.

இந்த ஆல்பத்தை யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். முதல் பாடல் 'ஏஸ் ஆஃப் வாண்ட்ஸ்' வெடித்துக்கொண்டு தொடங்கும். தாளக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். காலின்ஸும் ரதர்ஃபோர்டும் விடாமல் துரத்துவார்கள். அது அடங்கியதும் 'ஹேண்ட்ஸ் ஆஃப் தி ப்ரீஸ்டெஸ்' வரும், புல்லாங்குழலும் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த வாத்திய ஓசைகளை எழுப்பும் கீபோர்டு) மட்டும் போலத் தோன்றும் ஒரு மௌனப் பகுதி. இந்த ஏற்ற இறக்கம் ஆல்பம் முழுக்க உண்டு. 'ஸ்டார் ஆஃப் சிரியஸ்' பாடலைப் பாடியிருப்பவர் காலின்ஸ். ஜெனிசிஸின் முதன்மைப் பாடகர் ஆவதற்கு முந்தைய குரல் அது. பயமே இல்லாமல் மென்மையாகப் பாடியிருக்கிறார்.

கடைசிப் பாடலான 'ஷேடோ ஆஃப் தி ஹையரஃபன்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 11 நிமிடத்துக்கு மேல் நீளும் பாடல், ரதர்ஃபோர்டோடு சேர்ந்து எழுதியது. ஜெனிசிஸ் ஒத்திகையில் வாசித்துப் பார்த்து விட்டுவிட்ட ஒன்று. முதல் பாதியில் சாலி ஓல்ட்ஃபீல்டின் குரல். மெல்லோட்ரான் அலையாக எழுந்து விழ, நடுவில் அந்தக் குரல் மட்டும் தனியாக நிற்கும். பிறகு டாப்பிங்கில் ஒரு ஓட்டம். அப்புறம்தான் பாடலின் உயிர்ப் பகுதி. மணி ஓசை போன்ற ஒரு சின்ன ஸ்வர வரிசை தொடங்கி, அதையே திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கருவியைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் காலின்ஸ் டிரம்ஸை உடைத்துவிடுவது போல அடிக்கும் வரை கொண்டுபோவார்கள். ஜெனிசிஸ் இதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஆக, ஹாக்கெட்டின் ஆல்பத்தில் ஜெனிசிஸ் ரசிகர் எதிர்பார்க்கும் எல்லாமே இருக்கிறது: மின் கிடார், டிரம்ஸ், மெல்லோட்ரான், நாடகத்தனம். 'ஃபாக்ஸ்ட்ராட்', 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' இரண்டும் உங்களுக்கு உயிர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். ஆனால் இதே காரணத்தால், நீங்கள் ஏற்கெனவே அறிந்த உலகத்தின் இன்னொரு அறைதான் இது. புதிதாக ஒன்றைக் கேட்ட அதிர்ச்சி எனக்கு இதில் குறைவாகவே இருந்தது.

ரதர்ஃபோர்டின் ஆல்பத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 1979இல் காலின்ஸ் தன் குடும்பப் பிரச்சினைகளைக் கவனிக்க விடுப்பு எடுத்தபோது பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் ஆளுக்கொரு ஆல்பம் போட்டார்கள். இரண்டையும் பதிவு செய்தது ஸ்டாக்ஹோமில் ஆபா குழுவின் போலார் ஸ்டூடியோவில். இரண்டுக்கும் தயாரிப்பு டேவிட் ஹென்ட்ஷெல். 'ஸ்மால்க்ரீப்ஸ் டே' எல்பி தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே கதை, சுமார் 24 நிமிடம். பீட்டர் கரெல் பிரவுன் 1965இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் வருடக்கணக்காக ஒரே உதிரிப்பாகத்தைச் செய்துவரும் ஒரு தொழிலாளி, அது எந்த இயந்திரத்துக்காக என்று தெரிந்துகொள்ள ஒருநாள் தன் இடத்தை விட்டு எழுந்து போகிறான். எவ்வளவு நல்ல கரு! பாடியவர் நோயல் மெக்காலா; சோல் பாடகருக்கு உரிய தொண்டை. டிரம்ஸில் சைமன் பிலிப்ஸ், அசுர வாசிப்பு.

குறை என்னவென்றால், கிடார் கலைஞரின் ஆல்பம் என்று நினைத்து வருகிறவருக்கு இதில் கிடார் முன்னால் நிற்காது. சிந்தசைஸர்தான் முன்னால். ரதர்ஃபோர்ட் அடிப்படையில் பேஸும் 12 தந்தியும் வாசித்தவர். ஹாக்கெட் விலகிய பிறகுதான் முன்னணிக் கிடாரையும் தானே எடுத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்தில் ஐந்து தனிப்பாடல்கள். கேட்க இதமானவை, ஆனால் மனதில் ஒட்டுவது குறைவு. 'அண்ட் தென் தேர் வேர் த்ரீ', 'ட்யூக்' காலத்து ஜெனிசிஸ் உங்களுக்குப் பிடிக்கும், நீண்ட வாத்தியப் பகுதிகள் அலுப்பூட்டும், பாட்டு தெளிவாக இருக்க வேண்டும் என்றால் இதுதான் உங்களுக்கான ஆல்பம். மற்றவர்கள் இதை மூன்றாவதாகக் கேட்டுக்கொள்ளலாம். முதல் பக்கத்தை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

சரி, பிலிப்ஸ். ஜெனிசிஸை விட்ட பிறகு அவர் இன்னொரு ராக் குழுவைத் தேடிப் போகவில்லை. செவ்வியல் கிடாரும் இசை எழுத்தும் படித்தார், பியானோவில் உழைத்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே ரதர்ஃபோர்டுடன் உட்கார்ந்து, 1969, 1970ஆம் ஆண்டுகளில் இருவரும் எழுதி வைத்திருந்த துண்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1974 அக்டோபரில் ஒரு வாய்ப்பு வந்தது. கண்ணாடிக் கோப்பை உடைந்து ஹாக்கெட்டின் கையில் நரம்பு அறுபட்டுவிட்டது. ஜெனிசிஸின் சுற்றுப்பயணம் தள்ளிப்போனது. ரதர்ஃபோர்டுக்குத் திடீரென்று சில வாரங்கள் கிடைத்தன. ஹாக்கெட்டின் காயத்தில்தான் இந்த ஆல்பம் உயிர் பெற்றது என்றுகூடச் சொல்லலாம்.

பதிவு நடந்த இடங்கள் பிலிப்ஸின் பெற்றோர் வீடான சென்ட் பார்ன்ஸும், 'ஆர்கொனாட்' என்ற படகுமாகும். அந்தப் படகில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் சைமன் ஹேவொர்த், மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தின் தயாரிப்பில் பங்கெடுத்தவர். வீட்டில் இருந்தவை நான்கு தடங்கள் கொண்ட டீயாக் டேப் ரெக்கார்டர்கள். ரதர்ஃபோர்ட் பயணத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் கொஞ்சம், அவர் இல்லாதபோது பிலிப்ஸ் தனியாகக் கொஞ்சம் என்று 1976 வரை இழுத்தது. ஓபோ, செல்லோ, ரெக்கார்டர், வயலின் வாசிக்கும் நண்பர்களும் உறவினர்களும் வந்து போனார்கள். அட்டையில் அவர்களுக்கு 'சென்ட் பார்ன்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா அண்ட் பார்ஜ் ராபிள்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.

ஆல்பத்துக்குத் தலைப்பு வந்த விதமும் இந்த வீட்டுப் பட்டறை மனநிலையைக் காட்டுகிறது. ஆர்ப் ப்ரோ-சோலோயிஸ்ட் என்ற சிந்தசைஸரில் அவர்கள் கண்டுபிடித்த ஓர் ஓசை பறக்கும் வாத்துக்கூட்டம் போல இருந்தது. இன்னொன்று பேய் போல. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு பாடலுக்குப் பெயர் வைத்து, அதுவே ஆல்பத்தின் பெயராகவும் ஆனது.

இனிக் கேட்பது பற்றி. முதலில் ஒரு நிமிடத்துக்குத் தெளிவில்லாத, காற்றோடு வருவது போன்ற ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஓசை. அது கலைந்ததும் 'விச் வே தி விண்ட் ப்ளோஸ்'. இரண்டு 12 தந்தி கிடார்கள், காலின்ஸின் குரல். ஹாக்கெட்டின் ஆல்பத்தில் கேட்ட அதே குரல்தான், ஆனால் இங்கே இன்னும் அருகில், பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற அளவில். கடைசி ஒன்றரை நிமிடத்தில் குரல் நின்றுவிடும்; கிடார்கள் மட்டும் மெதுவாகத் திரும்பிப் போகும். பாடகர் போன பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிரப்பிய இடம் மாதிரி இருக்காது அது. பாட்டு அங்கே போய்ச் சேரத்தான் புறப்பட்டது என்று தோன்றும்.

அடுத்து 'ஹென்றி: போர்ட்ரெய்ட்ஸ் ஃப்ரம் டியூடர் டைம்ஸ்', 12 நிமிடம். எட்டாம் ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுத்துப் போய்த் திரும்பும் கதை ஆறு பகுதிகளாக வருகிறது, பாட்டு வரி இல்லாமல். கட்டியம் கூறும் முழக்கம், பிறகு லூட் வாத்தியம் போல ஒலிக்கும் கிடார்களின் கூட்டம், பனி மூடிய கோட்டைச் சுவர். நான்காவது பகுதி போர். இங்கேதான் ஆல்பத்தில் மின் கிடார் பல்லைக் காட்டும். அதுவும் கொஞ்ச நேரம்தான். அதன் பின் வரும் 'டெத் ஆஃப் எ நைட்' எனக்கு மொத்த ஆல்பத்திலும் மிகப் பிடித்த இடம். போர் முடிந்த களத்தில் ஒரு வீரன் சாகிறான், இரண்டரை நிமிடம். சோகத்தைக் காட்ட வயலினைக் கதற விடவில்லை. கிடார் ஒரே மாதிரி மீட்டலில் போய்க்கொண்டே இருக்க, மேலே குழலோசை ஒன்று அவசரமில்லாமல் நகர்கிறது. கடைசிப் பகுதியில் டிம்பனி என்ற பெரிய முரசு முழங்க, சேர்ந்திசைக் குரல்களோடு மன்னர் வெற்றியுடன் ஊர் திரும்புகிறார். முந்தைய இரண்டரை நிமிடத்தைக் கேட்டவருக்கு அந்த வெற்றி முழக்கம் இனிப்பாக இருக்காது. வார்த்தையே இல்லாமல் இதைச் செய்ய வரிசைப்படுத்தும் அறிவு வேண்டும். 18 வயதில் மேடையை விட்டு ஓடிய பையன் ஆறேழு வருடம் உட்கார்ந்து படித்தது எதற்கென்று இங்கே தெரிகிறது.

'காட் இஃப் ஐ ஸா ஹெர் நவ்' பாடலில் காலின்ஸுடன் விவியன் மெக்காலிஃப் பாடுகிறார். பிரிந்துபோன ஒருவனும் ஒருத்தியும் மாறி மாறித் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. நடுவே வரும் புல்லாங்குழல் ஜான் ஹாக்கெட்டினுடையது. ஆம், அதே தம்பிதான். இந்த மூன்று ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்கிறவருக்கு இப்படிப் பழகிய முகங்கள் வந்துகொண்டே இருக்கும். ரதர்ஃபோர்ட் மூன்றிலும் இருக்கிறார். காலின்ஸும் ஜான் ஹாக்கெட்டும் முதல் இரண்டில். 'ஸ்மால்க்ரீப்ஸ் டே'யில் கீபோர்டு வாசித்திருப்பது பிலிப்ஸ்.

இரண்டாம் பக்கத்தில் தலைப்புப் பாடல் 15 நிமிடத்துக்கு மேல் இரண்டு பகுதிகளாக ஓடுகிறது. மேலே சொன்ன 24 தந்தி வித்தை முழு அளவில் கேட்கக் கிடைப்பது இங்கேதான். 'ட்ரெஸ்பாஸ்' ஆல்பத்தில் இரண்டு கிடார்கள் பாட்டுக்குத் துணை. இங்கே அவையே பாட்டு. மெல்லத் தொடங்கி, முடிச்சு போட்டு, அவிழ்த்து, வேறொரு சுருதியில் திரும்பவும் போட்டுக்கொண்டு போவார்கள். இடது காதிலும் வலது காதிலும் ஒவ்வொன்று ஒலிக்கும் இடங்களில் நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டால் யார் எங்கே விட்டார், யார் எங்கே எடுத்தார் என்று ஓரளவு பின்தொடரலாம். கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டு வெறுமனே கேட்கத் தொடங்கிவிடுவீர்கள். 'கலெக்‌ஷன்ஸ்' பாடலை பிலிப்ஸே பாடியிருக்கிறார். குரல் தேர்ந்த பாடகருடையது கிடையாது, கொஞ்சம் நடுங்கும். ஆனால் அந்தப் பாடலுக்கு அந்த நடுக்கம் பொருந்துகிறது. கடைசிப் பாடல் 'ஸ்லீப்ஃபால்' பியானோவும் குழலும்.

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் கவனிக்கப்படவில்லை? முடித்த பிறகும் சரியான நிறுவனம் அமையாமல் காத்திருந்தது. கடைசியில் ஜெனிசிஸ் மேலாளர் டோனி ஸ்மித்தின் 'ஹிட் அண்ட் ரன்' வழியாக பிரிட்டனிலும், 'பாஸ்போர்ட்' வழியாக அமெரிக்காவிலும் வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள்: 1977 பிப்ரவரியில் 'தி டேம்ன்ட்' குழுவின் முதல் ஆல்பம், ஏப்ரலில் 'தி க்ளாஷ்' முதல் ஆல்பம். லண்டன் முழுக்க பங்க், அதாவது குட்டையான, முரட்டு வேக ராக் பாட்டுகள். நடுவில் மார்ச் மாதத்தில் எட்டாம் ஹென்றி பற்றி 12 நிமிட வாத்திய இசை. மேடையே ஏறாத ஒருவரின் ஆல்பத்தை ஊர் ஊராகப் போய் வாசித்து விற்கவும் வழியில்லை. ஹாக்கெட் தன் பாடல்களை இன்றுவரை மேடைகளில் வாசிக்கிறார்; புதிய தலைமுறை அங்கே அவற்றைக் கேட்டுவிட்டு ஆல்பத்தைத் தேடுகிறது. பிலிப்ஸுக்கு அந்த வழி இல்லவே இல்லை.

இப்போது தேர்வுக்கு வருவோம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது டிரம்ஸ். டிரம்ஸ் இல்லாமல் அரை மணி நேரம் இசை கேட்க உங்களால் முடியுமா? 'தி கீஸ் அண்ட் தி கோஸ்ட்'டில் முறையான டிரம் வாசிப்பு மிகக் குறைவு. தாளக் கருவிகளை பிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் தேவைப்பட்ட இடங்களில் மட்டும் தாங்களே தட்டியிருக்கிறார்கள். காலின்ஸ் இருந்தும் பாட மட்டுமே செய்திருக்கிறார்! ஜெனிசிஸில் உங்களுக்குப் பிடித்தது அந்த ரிதம் பகுதி என்றால் இந்த ஆல்பம் முதல் தடவை கையை விட்டு நழுவும். அப்படிப்பட்டவர் ஹாக்கெட்டை எடுத்து, அதில் 'ஹேண்ட்ஸ் ஆஃப் தி ப்ரீஸ்டெஸ்', 'தி ஹெர்மிட்' இரண்டும் பிடித்துப்போனால் பிறகு பிலிப்ஸிடம் வரலாம்.

கேட்கும் இடமும் முக்கியம். பஸ்ஸில், நடைப்பயிற்சியில் கேட்பவர் என்றால் ஹாக்கெட்டும் ரதர்ஃபோர்டும் தாக்குப்பிடிப்பார்கள். பிலிப்ஸின் ஆல்பத்தில் ஓசை அளவு மிகவும் தாழ்ந்து போகும் இடங்கள் ஏராளம். தெருச் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும். இரவில், வீட்டில், ஒரு பக்கம் கேட்டு நிறுத்திவிட்டு மறுநாள் இன்னொரு பக்கம் கேட்பது நல்லது. மொத்தமே சுமார் 47 நிமிடம்தான்.

கிடார் வாசிக்கப் பழகுகிறவருக்கு என் பரிந்துரை இன்னும் உறுதியானது. ஹாக்கெட்டின் மின் கிடார் ஓசையைப் பிடிக்க ஃபஸ், எக்கோ என்று ஒரு வரிசைக் கருவிகள் வேண்டும். பிலிப்ஸின் பக்கம் ஒரே ஒரு அகூஸ்டிக் கிடாரும் ஒரு நண்பரும் போதும். இரண்டு பேர் ஒரே கார்டை எப்படிப் பிரித்து வாசிப்பது, எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கேட்டதில்லை. கேப்போ (சுருதியை ஏற்றக் கிடாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டு ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று உட்கார்ந்து பாருங்கள். ஆறு தந்தி கிடாரிலேயே பாதி மந்திரம் வந்துவிடும்.

எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிலிப்ஸின் ஆல்பத்துக்கு 2015இல் எசோடெரிக் நிறுவனம் போட்ட மூன்று தட்டுப் பதிப்பு சிறந்தது. கூடுதல் பதிவுகளும் 5.1 சரவுண்ட் கலவையும் அதில் உண்டு. காலின்ஸ் 1973இல் பாடி, வெளிவராமலே போன 'சில்வர் சாங்' என்ற பாடலைக் கூடுதல் தட்டில் தேடிக் கேளுங்கள். ஜெனிசிஸின் அன்றைய டிரம்மர் ஜான் சில்வர் குழுவை விட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது, அவரை வழியனுப்ப 1969இல் பிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் எழுதிய பாட்டு. பழைய எல்பி ஆசை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த ஆல்பம் மிக மெல்லிய ஓசைகளால் ஆனது, தேய்ந்த தட்டின் இரைச்சல் அவற்றை மூடிவிடும். கேட்டுப் பார்க்காமல் பழைய தட்டு வாங்காதீர்கள். ஹாக்கெட்டின் ஆல்பத்துக்கு அந்தக் கவலை குறைவு. அதன் 2005 சிடி பதிப்பில் 'ஷேடோ ஆஃப் தி ஹையரஃபன்ட்'டின் கடைசிப் பகுதியை நீட்டி 17 நிமிடமாக்கிய வடிவம் இருக்கிறது. அந்த முடிவு போதவில்லை என்று நினைக்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். 'ஸ்மால்க்ரீப்ஸ் டே'க்குக் காசு செலவழிக்குமுன் ஸ்ட்ரீமிங்கில் முதல் பக்கத்தைக் கேட்டுவிடுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், மூன்று ஆல்பங்களிலிருந்தும் ஒவ்வொரு பாடலை ஒரே மாலையில் கேளுங்கள்: ஹாக்கெட்டில் 'ஏஸ் ஆஃப் வாண்ட்ஸ்', ரதர்ஃபோர்டில் 'அவுட் இன்டு தி டேலைட்', பிலிப்ஸில் 'விச் வே தி விண்ட் ப்ளோஸ்'. வரிசை முக்கியம், பிலிப்ஸைக் கடைசியில் வையுங்கள். மற்ற இரண்டின் வேகத்துக்கு முன்னால் வைத்தால் அது எடுபடாது. அந்தப் பாட்டு முடிந்ததும் 'ஹென்றி'யை ஓடவிடத் தோன்றினால் வேறு எதையும் யோசிக்காமல் 'தி கீஸ் அண்ட் தி கோஸ்ட்'டையே வாங்குங்கள். அது முடிந்த பிறகு அவருடைய 1978 ஆல்பமான 'வைஸ் ஆஃப்டர் தி ஈவென்ட்'டும், 'ப்ரைவேட் பார்ட்ஸ் அண்ட் பீசஸ்' வரிசையும் காத்திருக்கின்றன. அந்த வரிசையில் கிடாரும் பியானோவும் மட்டுமாக அவர் தனியே வாசித்தவை நிறைய இருக்கின்றன; முதல் தொகுப்பிலிருந்தே தொடங்கலாம்.